ஃபேனைத் திருப்பியவர்

முகுந்தன் அன்று மாதவியிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பொய் சொல்லியிருந்தால் பிறகு எங்காவது மாட்டிக்கொண்டு, நாலு திட்டு வாங்கி, அதோடு முடிந்திருக்கும். உண்மையைச் சொல்லியே தப்பித்துக்கொண்டான். அதுதான் அவனை இத்தனை நாளாக அரித்துத் தின்கிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே, மாடியில் அவனுடைய லேப்டாப் பழுதுபார்க்கும் கடை. கீழே மல்லிகை வாசமும் வெயிலும் வாகன இரைச்சலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும். மாடிப்படி ஏறிக் கதவைத் திறந்தால் ஏர்கோன் குளிர் முகத்தில் அடிக்கும். கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் வேர்த்து விறுவிறுத்து வருகிறவன் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே சொகுசு அது. வேலையில் சுத்தமானவன், வாடிக்கையாளரை ஏமாற்றாதவன் என்று பெயர் எடுத்திருந்தான். குறை என்று பார்த்தால் ஒன்றுதான், சும்மா இருக்க மாட்டாத கை.

ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டுக்கும் துணையாக ஒரு சின்னச் சில்லு உண்டு. கார்டு எவ்வளவு வேகமாக ஓடலாம், எவ்வளவு சூடு தாங்கலாம், எந்தச் சூட்டில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் கம்பெனிக்காரன் எழுதிவைத்த கட்டளைகள் அதில் இருக்கும். ஃபர்ம்வேர் என்பார்கள். கம்பெனிக்காரன் ஒரு பயந்தாங்கொள்ளி, ஓடக்கூடிய குதிரையைக் கட்டிப்போட்டு நடக்க விடுகிறான் என்பது முகுந்தனின் கட்சி. பழைய கேமிங் லேப்டாப்களின் ஃபர்ம்வேரை வெளியே எடுத்து, எண்களை மாற்றி, மறுபடியும் சில்லில் ஏற்றிவிட்டால் அதே கார்டு துள்ளிக்கொண்டு ஓடும். இந்தப் பித்து பிடித்தவர்கள் கூடும் இணையத் தளம் ஒன்றில் அவனுக்குத் தனி மரியாதை இருந்தது. ஆபத்தில்லாமல் இதைச் செய்வது எப்படி என்று அங்கே ஒரு நீண்ட வழிகாட்டிகூட எழுதியிருந்தான். முதலில் பழைய ஃபர்ம்வேரைப் பத்திரப்படுத்து. வேகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்று. ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் ஓட்டிப் பார். வெப்ப வரம்பில் மட்டும் எக்காரணம் கொண்டும் கை வைக்காதே. இந்தக் கடைசி விதியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தான்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கு வரும் வியாதி அவனுக்கும் வந்தது.

மாதவி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தது தூசி தட்டத்தான். செந்தூலில் குடியிருக்கிறாள், கல்யாண மண்டபங்களுக்கு எல்.ஈ.டி. திரை போடுகிறாள். மணவறைக்குப் பின்னால் துணியும் காகிதப் பூவும் கட்டிய காலம் போய், இப்போது சுவர் மாதிரி ஒரு திரை நிற்கிறது. அதில் கோபுரம் எழும், விளக்குகள் எரியும், தாலி ஏறும் நேரத்தில் கோபுரத்தின் உச்சியிலிருந்து பூ கொட்டும். வீடியோ எடுத்து ஓட்டினால் சரிப்படாது. தாலியை எப்போது எடுத்துக் கொடுப்பார் என்று ஐயருக்கே தெரியாது. ஒரு மாமா பரிசம் கொடுக்க மறந்திருப்பார், ஒரு அத்தை கழிவறைக்குப் போயிருப்பாள். அதனால் மாதவி கையில் ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு, கெட்டிமேளம் கேட்டதும் அமுக்குவாள். அந்த நொடியிலேயே லேப்டாப் ஒவ்வொரு இதழையும் வரைந்து விழச் செய்யும். கிராபிக்ஸ் கார்டுக்கு அது மூச்சு முட்டும் வேலை.

அந்த ரக கார்டு அதுவரை முகுந்தன் கைக்கு வந்ததில்லை. அவளுடைய லேப்டாப்பைப் பிரித்ததுமே கை குறுகுறுத்தது. ஃபேனைச் சுத்தம் செய்தான், சூட்டை வெளியே கடத்தும் காய்ந்த பசையைச் சுரண்டிப் புதுசு தடவினான். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்கு மேல் அவளைக் கேட்காமல் ஃபர்ம்வேரையும் எடுத்து மாற்றினான். வேகத்தைப் படிப்படியாக ஏற்றிச் சோதித்தான். ஒரு கட்டத்துக்கு மேல், வேகத்தை அளக்கும் சோதனை எண் நகர மறுத்தது. சூடு வரம்பைத் தொட்டதும் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. தளத்தில் யாரும் எட்டாத ஓர் எண் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தது. வெப்ப வரம்பைக் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றினான். பிற்பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. ஏர்கோன் போட்ட அறையில் எதுதான் ஆகும்?

மாதவிக்கு இது ஓர் இலவச உதவி என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து அவள் போன் செய்து, என்ன செய்தீர்கள், லேப்டாப் பறக்கிறது என்றாள். சுத்தம் பண்ணினேன் லா, வேறொன்றுமில்லை என்றான். அடக்கமாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தான்.

அதற்குப் பிறகு கிள்ளானில் ஒரு கல்யாணம்.

அங்கே நடந்ததை மாதவி சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். திரைக்குப் போகும் கம்பி நீளம் போதாததால் லேப்டாப் எப்போதும் மணவறையின் ஓரத்திலேயே இருக்கும். பக்கத்தில் ஒரு ஃபேனை அதன் மேல் அடிக்கும்படி வைத்துக்கொண்டு மாதவியின் அப்பா அய்யாவு காவலுக்கு உட்கார்ந்திருப்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளுக்குத் திரை தூக்குவது, கம்பி இழுப்பது, காவல் காப்பது எல்லாம் அவர்தான். ஹோமம் வளர்த்தார்கள். புகை சிதறக் கூடாது என்று மண்டபத்து ஃபேன்களை எல்லாம் நிறுத்தினார்கள். அய்யாவுவின் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் குத்துவிளக்கின் சுடர் படுத்துப் படுத்து எழுந்தது. பெண்ணின் பெரியம்மா வந்து, விளக்கு அணைந்தால் நீங்களா பதில் சொல்வீர்கள் என்று கேட்டாள். கல்யாணப் பெண் உட்கார்ந்திருக்க விளக்கு அணைந்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடிய தமிழன் யார்? அய்யாவு ஃபேனை மறுபக்கம் திருப்பிவைத்தார்.

கெட்டிமேளம் முழங்கியது. மாதவி பொத்தானை அமுக்கினாள். கோபுரத்திலிருந்து நாலு பூ விழுந்தது. அதோடு திரை முழுக்கக் கறுத்துவிட்டது. தாலி கட்டும் படங்கள் அத்தனையிலும் மாப்பிள்ளை, பெண் தலைக்குப் பின்னால் கறுப்புச் சுவர். பெண்ணின் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். அபசகுனம் என்ற சொல்லை யாரோ சொல்ல, அது பந்தி வரைக்கும் போனது. மாதவி பொறுக்க மாட்டாமல், மேளக்காரர், ஐயர், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் அப்பாவைப் பார்த்து, ஒரு ஃபேனைப் பார்த்துக்கொள்ள உங்களுக்குத் துப்பில்லையா என்று கத்தியிருக்கிறாள்.

லேப்டாப்பை முகுந்தனின் மேசையில் வைத்துவிட்டு இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே அவனுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சோதித்தான். கிராபிக்ஸ் கார்டு செத்துப் போயிருந்தது.

"சூடு தாங்காம போயிருச்சு மாதவி," என்றான்.

"அப்பா ஃபேன திருப்பினதாலதானே?"

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். வாயும் திறந்தது. திறந்த வாய் என்ன சொன்னது?

"ஃபேன் அது மேல அடிச்சிருந்தா இப்படி ஆயிருக்காது."

சத்தியமான வார்த்தை. மாதவி தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்கு ஒரு நிபுணரின் தீர்ப்பு கிடைத்துவிட்டது. அப்பாவின் மேல் இருந்த சந்தேகம் அந்த நிமிடத்தில் குற்றமாகிவிட்டது.

அவள் போன பிறகு முகுந்தன் சில்லைப் படித்துப் பார்த்தான். அவன் எழுதிய எண் அப்படியே இருந்தது. கம்பெனிக்காரனின் பழைய எண் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? சூடு ஏறியதும் கார்டு தன் வேகத்தைக் குறைத்திருக்கும். பூக்கள் கொஞ்சம் தடங்கித் தடங்கி விழுந்திருக்கும். எல்லோரும் தாலியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. கல்யாணம் நடந்திருக்கும், பெரியவர் மகளோடு காரில் ஏறி, பந்தியில் பாயசம் சுமார் என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்.

தப்பு செய்தவன் செய்யும் எல்லா வேலைகளையும் முகுந்தன் செய்தான். தளத்தில் எழுதிய வழிகாட்டியை அழித்தான். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் போடவில்லை. தனக்கென்று பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்த சொந்த லேப்டாப்பை எடுத்து, வேறு கிடைக்கும் வரை இதை வைத்துக்கொள் என்று மாதவியிடம் கொடுத்தான். அவள் கண் கலங்கிவிட்டாள். உங்களை மாதிரி ஒரு ஆள் கிடைப்பது கஷ்டம் அண்ணே என்றாள். அவனுக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். அவர் இப்போது வேலைக்கு வருவதில்லை, கூலிக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறேன், அதுவும் நல்லதுக்குத்தான் என்றாள். நல்லதுக்குத்தான் என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கொமுட்டரில் நின்றுகொண்டு போகும்போது தனக்குள் வழக்காடிப் பார்த்தான். ஃபேனைத் திருப்பாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கும், அதுவும் உண்மைதானே என்று ஒரு பக்கம் வாதாடினான். அதே உண்மையை மறு பக்கம் திருப்பினால், எண்ணை மாற்றாமல் இருந்திருந்தாலும் தப்பித்திருக்கும் என்று வந்து நின்றது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு இறங்குவான். மறுநாள் வாடிக்கையாளர்கள் வந்துவிடுவார்கள்.

கடைசியில் மாதவியே வழி செய்து கொடுத்தாள். செத்த லேப்டாப்பைக் கிள்ளானில் அப்பா வீட்டில் போட்டுவிட முடியுமா என்று கேட்டாள். திரைச் சாமான்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன, நீங்களும் அந்தப் பக்கம்தானே என்றாள். அவளுக்கே அந்த வீட்டுக்குப் போகத் தயக்கமாக இருந்ததோ என்னவோ. முகுந்தன் சரி என்றான். மகளிடம் சொல்வதைவிட அப்பாவிடம் சொல்வது சுலபம் என்று ஓர் எண்ணம் அவனுக்குள் ஓடியது. அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். மாதவியின் காதுக்குப் போகாமலேகூட முடிந்துவிடலாம். கோழையின் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனான். வரிசை வீடுகள் உள்ள ஒரு தாமான் குடியிருப்பு. முன்வாசல் கார் நிறுத்தத்தில் எல்.ஈ.டி. பலகைகள் அடுக்கியிருந்தன. அய்யாவு பனியனோடு நின்று ஈரத்துணியால் அவற்றின் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் துடைக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். லேப்டாப்பைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. பிறகு சமாளித்துக்கொண்டு, வாங்க தம்பி, பசியாறியாச்சா என்று உள்ளே கூட்டிப் போனார்.

வரவேற்பறை வெந்தது. தலைக்கு மேலே ஃபேன் சும்மா நின்றது. அய்யாவுவின் கழுத்தில் வேர்வை வழிந்தது, அவர் எழுந்து சுவிட்சைப் போடவில்லை. அவர் மனைவி மாரியாயி சமையலறையிலிருந்து வந்து, இவனுக்கு ஒரு வணக்கம் சொல்லி, ஃபேனைப் போட்டுவிட்டுப் போனாள்.

"நான் இப்ப இந்த சுவிட்ச் கிட்ட எல்லாம் போறதில்ல தம்பி," என்று அய்யாவு சிரிக்கப் பார்த்தார். "கிரேன்ல இருந்த காலத்துல ஒரு பெட்டிய கீழ விட்டதில்ல. வயசாச்சு. கை எங்க போகுதுன்னு தெரியல."

முகுந்தனால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டான். கார்டு செத்தது உங்களால் இல்லை, அதன் உள்ளே நான் ஓர் எண்ணை மாற்றிவைத்தேன், மாற்றாமல் இருந்திருந்தால் ஃபேன் இல்லாமலே அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் என்று அவருக்குப் புரிகிற மாதிரி, கிரேனையே உதாரணம் காட்டிச் சொன்னான். பாரம் கூடினால் கிரேன் தானாக நிற்கும் அல்லவா, அந்தத் தடுப்பைத்தான் நான் தளர்த்திவிட்டேன் என்றான். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

அய்யாவு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நல்ல புள்ள தம்பி. என் மனசு ஆறணும்னு இவ்வளவு தூரம் வந்து பழிய உன் மேல போட்டுக்கிற. எனக்குத் தெரியாதா? மாதவிகிட்ட நீதான் சொன்ன, ஃபேன் அடிச்சிருந்தா ஒன்னும் ஆயிருக்காதுன்னு. அவ எனக்கு அப்படியேதான் சொன்னா."

முகுந்தன் மறுத்தான். எவ்வளவு மறுத்தானோ அவ்வளவுக்கு அவன் நல்லவனாகிக்கொண்டே போனான். அய்யாவு சமையலறைப் பக்கம் திரும்பி, மாரியாயி, இந்தத் தம்பியப் பாரு, எனக்காகப் பொய் சொல்ல வந்திருக்கு, தோசை ஊத்து என்றார். தட்டு வந்தது. சுடச்சுடத் தோசை, தேங்காய்ச் சட்னி. மாரியாயி பக்கத்தில் நின்று, அன்றையிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, நீங்கள் வந்ததில் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்றாள்.

வெட்கக்கேடு என்னவென்றால் முகுந்தன் சாப்பிட்டான். பிட்டு வாயில் போட்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர் பாடு, இந்தத் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போனால் ஒருவரும் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள் என்று மனம் சொன்னது. கடைக்குக் கெட்ட பெயர் வராது. மாதவி அண்ணே என்று கூப்பிடுவாள். இவர் கண்ணிலும் நல்ல பிள்ளை. இவ்வளவு மலிவாக ஒருவனுக்கு விடுதலை கிடைக்குமா? எதிரே அய்யாவு அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, இன்னும் தன்னால்தான் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிட்டெடுத்த இரண்டாவது வாயைத் தட்டிலேயே போட்டான்.

இடது கையால் போனை எடுத்தான். மாதவியின் எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவளிடம் முதலிலிருந்து சொன்னான். கேட்காமல் செய்தது, வரம்பை ஏற்றியது, ஒன்றுமில்லை என்று சொன்னது, பிறகு அந்தச் சத்தியமான வார்த்தையைச் சொன்னது. போனில் செந்தூலின் ரயில் சத்தம் ஒன்று வந்து ஓய்ந்தது.

"ஃபேன் அடிச்சிருந்தா?" என்று கேட்டாள்.

"அன்னைக்குத் தப்பிச்சிருக்கும். வேற ஒரு கல்யாணத்துல போயிருக்கும். நான் கை வைக்காம இருந்திருந்தா ஃபேனே தேவைப்பட்டிருக்காது."

"கடையில நான் கேட்டப்ப ஏன்ணே சொல்லல?"

"பயந்துட்டேன் மாதவி. பழி அங்கிள் மேல போச்சேன்னு விட்டுட்டேன்."

"அத்தன பேர் முன்னாடி நான் எங்கப்பாவ…" என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. பிறகு, "அப்பா அங்க இருக்காரா?" என்றாள்.

அய்யாவு அதற்குள் எழுந்து நின்றிருந்தார். மேசையிலிருந்து போனை எடுத்து, ஸ்பீக்கர் என்பதை மறந்து காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்ப நான் இல்லையாம்மா?"

"நீங்க இல்லப்பா."

"நான் திருப்பினதால இல்லையா?"

"இல்லப்பா. நீங்க இல்ல. நான் இப்ப வரேன், அங்கேயே இருங்க."

போன் அணைந்த பிறகும் அவர் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கண்ணீர் மீசை வரைக்கும் வந்துவிட்டது. துண்டு கையில் இருந்தும் துடைக்கவில்லை. பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு முகுந்தனைப் பார்த்தார். வாசலில் வரவேற்றபோது அந்த முகத்தில் இருந்தது எதுவும் இப்போது இல்லை. அவன் சொன்னதை இப்போதுதான் நம்பினார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முகம் காட்டாமல் உள்ளேயே கிடந்த நாட்களும், மகள் கார் தெருவில் வராத ஞாயிற்றுக்கிழமைகளும் அவர் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும்.

"எந்திரிச்சுப் போ," என்றார்.

தம்பி என்ற சொல் அதில் இல்லை. அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவனுக்கு உரியதாகக் கிடைத்த முதல் வார்த்தை அதுதான், அது நியாயம் என்று முகுந்தனுக்கே பட்டது. மாரியாயி அடுத்த தோசையைத் தட்டில் ஏந்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள், முகுந்தனைப் பார்த்தாள், தோசையோடு உள்ளே திரும்பிப் போனாள். கை கழுவ எங்கே போக வேண்டும் என்று கேட்க முகுந்தனுக்கு வாய் வரவில்லை. சட்னி ஒட்டிய கையோடு எழுந்து வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.